மாசச் செலவை யூஎஸ்டிடியில் ஓட்டி, மிச்சத்தை பிட்காயினில் சேர்க்கலாமா? நாலு பேர் குடும்பம், சென்னை

மடிப்பாக்கம் எடிட்டர் | ஞாயிறு, இரவு 10:40

வணக்கம். இங்க எழுதறது இதுதான் முதல் தடவை. வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் உட்கார்ந்து கணக்கு போட்டுட்டு எழுதறேன்.

நான் வீடியோ எடிட்டர். வீட்டுல அம்மா, மனைவி, ரெண்டாம் வகுப்பு படிக்கிற பொண்ணு. உள்ளூர் கிளையண்ட் ரெண்டு பேர்கிட்டருந்து மாசம் 36,000 ரூபாய் பேங்க்ல வருது. வெளிநாட்டுல ஒரு சேனலுக்கு எடிட் பண்றேன், அவங்க மாசம் 450 யூஎஸ்டிடி (டாலர் மதிப்போட ஒட்டிப் போற கிரிப்டோ காயின்) தர்றாங்க. இன்னைக்கு விலைக்குச் சுமார் 40,000. ஏழு மாசமா இப்படித்தான் ஓடுது.

செலவு: வாடகை 17,000. பராமரிப்பு, தண்ணி சேர்த்து 1,800. மளிகை, காய்கறி 11,000. பால் 2,000. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 3,000 கிட்ட வருது. அம்மாவுக்கு பிபி, சுகர் மாத்திரை 2,700. ஸ்கூல் வேன் 2,000. பள்ளிக் கட்டணம், கேஸ், நெட், பெட்ரோல், மொய், திடீர்ச் செலவு எல்லாம் சேர்த்தா மாசம் 52,000 ஆகுது.

அதனால என் திட்டம் இது. பேங்க்ல வர்ற 36,000 அப்படியே வீட்டுக்கு. பத்தாத 16,000-க்கு மட்டும் யூஎஸ்டிடி விக்கிறது. மிச்சம் 24,000-க்கு பிட்காயின் வாங்கிப் போட்டுட்டே போறது. என் நண்பர் ஒருத்தர், "பேங்க்ல வர்ற காசையும் காயினாக்கிடு, தேவைப்படறப்ப தேவைப்படற அளவுக்கு வித்துக்கோ, ரூபாயில வெச்சா மதிப்பு கரையுது"ங்கறார். ஆறு மாசச் செலவுக்கு ஒதுக்கின 3 லட்சமும் பேங்க்ல இருக்கு. அதையும் மாத்தச் சொல்றார்.

இப்படி வீடு நடத்தறவங்க யாராவது இங்க இருக்கீங்களா? என் மனைவிக்கு இதுல பயம் இருக்கு. அவங்களுக்குச் சரியான பதில் சொல்லணும்.

---

சோழிங்கநல்லூர் தம்பி | ஞாயிறு, இரவு 11:15

அண்ணா, நான் 2020-ல இருந்து வாராவாரம் 500 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கிட்டு வர்றேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல, ஒரு தடவைகூட வித்ததில்ல. பிட்காயின் சேமிப்புல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. ஆனா அந்த 3 லட்சத்தைத் தொடாதீங்க. உங்க நண்பர் சொல்றது சேமிப்பு இல்ல. வீட்டுச் செலவையே விலை ஏத்த இறக்கத்துல கட்டிவிடற வேலை. விவரமா நாளைக்கு எழுதறேன், காலையில ஷிஃப்ட் இருக்கு.

---

பெரம்பூர் அக்கா | திங்கள், காலை 6:05

தம்பி, உங்க மனைவியோட பயம் நியாயமானது. என் கதையைச் சொல்றேன்.

எங்க வீட்டுல பட்ஜெட் என் கையில. கல்யாணப் பத்திரிகை வர்ற கவரையெல்லாம் எடுத்து வெச்சுப்பேன். ஒவ்வொண்ணு மேலயும் வாடகை, பால், கரண்ட், ஃபீஸ், ஊருக்குப் போகன்னு எழுதி, ஒண்ணாம் தேதி பிரிச்சுப் போட்டுடுவேன். இருபது வருஷமா இதுதான் பழக்கம். ஃபீஸ் கவர்ல காசு குறைஞ்சா தெரிஞ்சுடும். பால் கவர்ல இருந்து எடுத்து அதுல போட்டா பால் கவர் காட்டிக்கொடுத்துடும்.

2021 நவம்பர்ல நகைச் சீட்டு முடிஞ்சு 60,000 கையில இருந்தது. அடுத்த ஜூன்ல பையன் காலேஜ் சேரணும், அதுக்கான காசு. ஏழு மாசம் சும்மா கிடக்கறதுக்கு வளரட்டுமேன்னு பையனே சொல்லி பிட்காயின் வாங்கினோம். அப்ப அது 65,000 டாலருக்கு மேல இருந்த நேரம். தினமும் ஏறிட்டிருந்துச்சு, அதனாலதான் எங்களுக்கும் தைரியம் வந்தது.

2022 ஜூன்ல காலேஜ்ல பணம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்த அன்னைக்கு அந்த 60,000, 20,000 சொச்சமா நின்னுச்சு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விலை ஏறும், ஒரு வாரம் பொறுங்கன்னு பையன் அழாத குறையா சொன்னான். காலேஜ் பொறுக்காது. இருந்ததை வித்தோம், என் வளையல் ரெண்டை பேங்க்ல அடகு வெச்சோம், கட்டினோம். அந்த வளையலை மீட்க 14 மாசம் ஆச்சு.

2024 டிசம்பர்ல பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினப்போ பையன் கணக்கு போட்டுக் காமிச்சான். அன்னைக்கு விக்காம இருந்திருந்தா நல்ல லாபம்மான்னான். அவன் கணக்குல தப்பே இல்ல. ஆனா 2022-ல கட்ட வேண்டிய ஃபீஸை 2024-ல கட்ட முடியாதே தம்பி. வாடகைக்கு அஞ்சாம் தேதின்னு ஒண்ணு இருக்கு. பால் கார்டுக்கு ஒரு தேதி இருக்கு. அம்மா மாத்திரை அட்டை தீர்ற தேதி ஒண்ணு இருக்கு. காயினுக்குத் தேதி கிடையாது. இதை உங்க நண்பர்கிட்ட கேளுங்க: விலை பாதியா இருக்கற மாசத்துல அஞ்சாம் தேதி வந்தா என்ன பண்ணுவார்?

---

மடிப்பாக்கம் எடிட்டர் | திங்கள், காலை 8:20

அக்கா, உங்க பதிவை மனைவிகிட்ட படிச்சுக் காமிச்சேன். வளையல் விஷயம் வந்தப்ப அவங்க ஒண்ணும் பேசல, எழுந்து போய் பொண்ணுக்கு தலை பின்ன ஆரம்பிச்சுட்டாங்க. 3 லட்சம் பேங்க்லயே இருக்கும், அது முடிவு.

ஆனா யூஎஸ்டிடி விலை அப்படி ஆடாதே? டாலரோட ஒட்டித்தானே போகுது. அதை வித்துச் செலவு பண்றதுல என்ன பிரச்சனை வரும்? வரி எப்படி வரும்? இதுவரைக்கும் நான் எதையும் எழுதி வைக்கல.

---

மாம்பலம் கணக்கர் | திங்கள், பகல் 1:30

சார், நான் தி.நகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 11 வருஷமா வேலை பாக்கறேன். எழுதி வைக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முதல்ல சரி பண்ண வேண்டியது.

உங்க விஷயத்துல ரெண்டு வரி இருக்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதல்ல, 450 யூஎஸ்டிடி கைக்கு வர்ற அன்னைக்கு அதோட ரூபாய் மதிப்பு என்னவோ, அது உங்க தொழில் வருமானம். காயினா வந்தாலும் வருமானம்தான், ரூபாயா மாத்தலன்னாலும் வருமானம்தான். சாதாரண ஸ்லாப் கணக்குல போகும். அடுத்தது, அதே மதிப்புதான் அந்தக் காயினுக்கு நீங்க கொடுத்த விலை. பிறகு அதை விக்கறப்ப கிடைக்கற விலைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிரிப்டோ லாபம். அதுக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. 2022 ஏப்ரல் 1-லருந்து இதுதான் சட்டம்.

அதனால வந்த நாலஞ்சு நாள்ல வித்துட்டா உங்களுக்கு லாபம்னு பெருசா ஒண்ணும் வராது, 30 சதவீதமும் கடிக்காது. ஆனா எந்தத் தேதியில எவ்வளவு வந்தது, அன்னைக்கு ரூபாய் விலை என்னன்னு ஆதாரம் இல்லன்னா, வித்த மொத்தத் தொகையையும் லாபமா பாக்க இடம் கொடுத்துடுவீங்க. ஏழு மாச வரவையும் இன்னைக்கே ஒரு நோட்டுல ஏத்துங்க. தேதி, எண்ணிக்கை, அன்னைய விலை, பரிவர்த்தனை ஐடி, எந்த வேலைக்கு வந்தது. வாலட்ல (காயின் வெச்சிருக்கற ஆப்) பழைய வரவெல்லாம் தேதியோட இருக்கும்.

அடுத்து டிடிஎஸ், அதாவது காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கற வரி. 2022 ஜூலை 1-லருந்து இருக்கு. எக்ஸ்சேஞ்ச்ல (காயின் வாங்கி விக்கற தளம்) விக்கற ஒவ்வொரு தடவையும் மொத்தத் தொகையில 1 சதவீதம் பிடிப்பாங்க. லாபத்துல இல்ல, மொத்தத்துல. நீங்க கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு. யூஎஸ்டிடியைக் கொடுத்து பிட்காயின் வாங்கறதும் விற்பனைதான். உங்க திட்டப்படி மாசம் 16,000 ரூபாயா மாத்தறீங்க, 24,000-க்கு பிட்காயினா மாத்தறீங்க. மொத்தம் 40,000-க்கும் டிடிஎஸ், மாசம் 400, வருஷம் 4,800. ரிட்டர்ன் போட்டா திரும்பக் கிடைக்கும், போகாது. ஆனா ஏப்ரல்ல பிடிச்ச 400 அடுத்த வருஷம் ஜூலைக்கு மேலதான் கைக்கு வரும். எக்ஸ்சேஞ்ச் கமிஷனும் அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் தனி. அதை லாபத்துல கழிக்கவும் முடியாது. வாங்கின விலையைத் தவிர வேற எதையும் கழிக்க விடமாட்டாங்க.

இன்னொண்ணு. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே, நமக்கென்ன"ன்னு நிறைய பேர் வர்றாங்க. புது வரி முறையில அந்தத் தள்ளுபடி உங்க எடிட்டிங் வருமானத்துக்குத்தான். கிரிப்டோ லாபம் 10,000 ரூபாயா இருந்தாலும் அதுக்கு 3,120 கட்டியே ஆகணும்.

நஷ்டம் வந்தா அதைவிடக் கஷ்டம். ஒரு காயின்ல 30,000 லாபம், இன்னொண்ணுல 30,000 நஷ்டம்னு வெச்சுக்கோங்க. உங்க கையில ஒண்ணும் மிஞ்சல. ஆனா லாபத்துக்கு 9,360 வரி கட்டணும். அந்த நஷ்டத்தை வேற காயின் லாபத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஷேர் மார்க்கெட்ல இருக்கற எந்தச் சலுகையும் இதுல இல்ல. பெரம்பூர் அம்மா இழந்த 40,000-ஐ எதுலயும் கழிச்சிருக்க முடியாது.

கடைசியா, எனக்கு ரொம்பக் கவலை தர்ற விஷயம். வெளிநாட்டுக்காரருக்குச் செஞ்ச வேலைக்கான காசு வங்கி வழியா வரணும்ங்கறதுதான் அந்நியச் செலாவணி விதிகளோட போக்கு. வங்கியில வந்தா வரவுக்கு ஒரு சான்று தருவாங்க. நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கறப்ப அதுதான் பேசும். வாலட் ஸ்கிரீன்ஷாட்டை எந்த மேனேஜரும் வருமானமா எடுத்துக்கறதை நான் பாத்ததில்ல. அந்தக் கிளையண்ட்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பேங்க்குக்கு அனுப்ப முடியுமான்னு.

---

குரோம்பேட்டை மாணவன் | திங்கள், மாலை 5:10

சார் ஒரு சந்தேகம். விக்காம வெச்சுட்டே இருந்தா வரி உண்டா? எந்த ஃபார்ம்ல காட்டணும்?

---

மாம்பலம் கணக்கர் | திங்கள், மாலை 6:00

வாங்கி வெச்சிருக்கறதுக்கு மட்டும் வரி இல்லப்பா. வித்தாலோ, வேற காயினா மாத்தினாலோ, அதைக் கொடுத்து ஒரு பொருள் வாங்கினாலோதான். ஐடிஆர்-2, ஐடிஆர்-3 ரெண்டுலயும் விடிஏன்னு கிரிப்டோவுக்கு ஒரு தனி அட்டவணை இருக்கு. ஒவ்வொரு விற்பனையும் தனித்தனியா தேதியோட கேப்பாங்க. தொழில் வருமானமும் இருக்கறதால எடிட்டர் சாருக்கு ஐடிஆர்-3. எக்ஸ்சேஞ்ச்ல பிடிக்கற டிடிஎஸ் எல்லாம் வரித்துறைகிட்ட இருக்கற உங்க கணக்குல ஏறிடும், அதனால காட்டாம விடலாம்னு யாரும் நினைக்க வேண்டாம்.

---

அம்பத்தூர்க்காரன் | திங்கள், இரவு 9:45

எடிட்டர் ப்ரோ, யூஎஸ்டிடியை எங்க விக்கறீங்கன்னு நீங்க சொல்லல. பி2பின்னா, அதாவது முன்பின் தெரியாதவங்களுக்கு நேரடியா விக்கறதுன்னா, தயவுசெஞ்சு இதை முழுசாப் படிங்க.

போன வருஷம் நானும் இப்படித்தான், டிசைன் வேலைக்கு யூஎஸ்டிடி வாங்கிட்டிருந்தேன். எக்ஸ்சேஞ்ச் விலையைவிட பி2பியில ஒரு காயினுக்கு ரெண்டு ரூபாய் கூடுதலா கிடைச்சது. ஆகஸ்ட்ல ஒருத்தருக்கு 18,400 ரூபாய்க்கு வித்தேன். காசு மூணு தவணையா யூபிஐ-ல வந்துச்சு. அனுப்பினவர் பேரும் ஆப்ல இருந்த பேரும் வேற வேற. அப்ப அதை யோசிக்கல, காசு வந்துடுச்சே, காயினை விடுவிச்சுட்டேன்.

நாலாவது நாள் மளிகைக் கடையில 640 ரூபாய் ஸ்கேன் பண்றேன், போகல. மறுபடி பண்றேன், போகல. பின்னால நாலு பேர் நிக்கறாங்க. கடைக்காரர் "பரவால்ல சார், அப்புறம் குடுங்க"ன்னார். மறுநாள் பிராஞ்சுக்குப் போனா, வேற மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொல்லி என் அக்கவுண்டை முடக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க. யாரையோ ஏமாத்திப் பறிச்ச காசு நாலு அக்கவுண்ட் தாண்டி என்கிட்ட வந்திருக்கு. அதுல இருந்த என் மொத்தக் காசும், 71,000, அப்படியே நின்னுச்சு. அன்னைக்குத் தேதி 2. வாடகை அஞ்சாம் தேதி.

41 நாள் ஆச்சு. மாமியார்கிட்ட கடன் வாங்கித்தான் அந்த மாசம் ஓடுச்சு. குழந்தைக்கு வேன் காசு கட்ட முடியாம பத்து நாள் நானே பைக்ல கொண்டு போய் விட்டேன். கடன் வாங்கினதைவிட, பேங்க்ல என்னைத் திருடன் மாதிரி பாத்ததுதான் இன்னும் மனசுல இருக்கு.

வேற யாருக்காவது இப்படி ஆனா உதவட்டும்னு, என்ன பண்ணி வெளிய வந்தேன்னு சொல்றேன். பிராஞ்ச்ல சண்டை போடாம, முடக்கச் சொன்ன புகாரோட எண், காவல் நிலையத்தோட பேர், மின்னஞ்சல், எந்த வரவு சம்பந்தப்பட்டது, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. அந்த அதிகாரிக்கு ஆர்டர் விவரம், சாட் முழுசு, காயின் போன பரிவர்த்தனை ஐடி, ஆதார், பான், ஐடிஆர் நகல், எல்லாத்தையும் ஒரே மெயில்ல அனுப்புங்க. பேங்க்குக்குத் தனியா ஒரு கடிதம்: சர்ச்சைக்குரிய 18,400-ஐ மட்டும் நிறுத்தி வைங்க, மிச்ச 52,600-ஐ விடுங்கன்னு. அந்தக் கடிதம் கொடுத்ததுக்கு அப்புறம்தான் மிச்சம் 26-வது நாள் வந்தது. 18,400 வந்தது 41-வது நாள்.

காயினுக்கு ரெண்டு ரூபாய் கூடுதல்னு பாத்தா, அந்த விற்பனையில எனக்கு வந்த கூடுதல் லாபம் 400 ரூபாய் சொச்சம்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் பி2பி பக்கமே போகல. நிதிப் புலனாய்வுப் பிரிவுல பதிவு பண்ணின இந்திய எக்ஸ்சேஞ்ச்லதான் விக்கறேன். 2023 மார்ச்லருந்து அவங்க எல்லாரும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்துட்டாங்க. காசு அந்த நிறுவனத்துக் கணக்குலருந்து வரும், யாரோ முகம் தெரியாதவங்க யூபிஐலருந்து வராது. அப்படியும் வீட்டுச் செலவு அக்கவுண்ட் வேற, காயின் காசு வர்ற அக்கவுண்ட் வேற. இந்த ஒண்ணை இன்னைக்கே பண்ணிடுங்க ப்ரோ.

---

மடிப்பாக்கம் எடிட்டர் | திங்கள், இரவு 10:30

பி2பிதான் ப்ரோ. ஏழு மாசமும். வீட்டு அக்கவுண்ட்லதான். அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் உடம்பு சில்லிட்டுப் போச்சு. அந்த 3 லட்சமும் அதே அக்கவுண்ட்லதான் இருக்கு.

---

நங்கநல்லூர் ஓய்வூதியர் | செவ்வாய், காலை 7:40

தம்பி, முதல் வேலையாக அந்த 3 லட்சத்தை மனைவி பெயரில் வேறொரு வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிடுங்கள். இன்றைக்கே.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் பணியாற்றினேன். 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அந்தக் கணக்குகளை மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பியவர்களில் நானும் ஒருவன். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இரண்டு வருடத்தில் ஒரு கதவு மூடித் திறந்தது. நடுவில் பணம் மாட்டிய பிள்ளைகள் கவுன்டரில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் பாதுகாப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், உரிமை கொண்டாடலாம், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதலீட்டாளருக்கு அது பெரிய பலம். ஆனால் அந்தப் பலம் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தவருக்கு. வங்கி வைப்பில் 5 லட்சம் வரை காப்பீடு தானாக இருக்கிறது, யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் காயினுக்கு அப்படி ஒன்று கிடையாது.

உங்கள் பெண்ணுக்குப் பத்து வயது ஆகவில்லையே? செல்வமகள் கணக்கு தொடங்கிவிட்டீர்களா? இப்போது 8.2 சதவீதம், வருடம் 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. பிபிஎஃப் 7.1 சதவீதம். மாதம் 24,000 மிச்சம் பிடிக்கிற குடும்பம் இந்த ஊரில் எத்தனை? அந்த முழுத் தொகையையும் ஒரே இடத்தில் வைக்க நினைப்பதுதான் எனக்கு வருத்தம். பிட்காயினாக இருப்பதால் மட்டும் சொல்லவில்லை, முழுவதும் ஏலச்சீட்டில் போடுகிறேன் என்றாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

---

சோழிங்கநல்லூர் தம்பி | செவ்வாய், இரவு 11:50

முந்தாநாள் விட்ட இடத்துலருந்து எழுதறேன்.

ஐயா சொன்னது, அக்கா சொன்னது ரெண்டையும் ஏத்துக்கறேன். ஆனா பிட்காயின்ல சேமிக்கவே கூடாதுங்கற முடிவுக்கு எடிட்டர் அண்ணா வந்துடக்கூடாதுன்னுதான் எழுதறேன். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்தான், அதுக்கு மேல ஒருத்தரும் அச்சடிக்க முடியாது. சுமார் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வர்ற காயின் பாதியாகும், 2024 ஏப்ரல்லயும் அப்படிப் பாதியாச்சு. இந்தக் கணக்குதான் என்னை உள்ள கொண்டு வந்துச்சு, இன்னைக்கும் அதை நம்பறேன். எங்க பாட்டி வருஷத்துக்கு அரை பவுன் சேத்த மாதிரி நான் சேக்கறேன்.

ஆனா பாட்டி அரிசி வாங்கற காசுல தங்கம் வாங்கினதில்ல. 2021 நவம்பர்ல 69,000 டாலர், அடுத்த நவம்பர்ல 16,000-க்குக் கீழ. 3 லட்சம் போட்டிருந்தா 75,000 கிட்டத்தான் நின்னிருக்கும். 2025 அக்டோபர்ல 1,26,000 தொட்டுட்டு நவம்பர் மூணாவது வாரம் 85,000-க்குக் கீழ வந்துச்சு. ஆறு வாரம்தான். என் 500 ரூபாய் அந்த வாரமும் போச்சு, ஏன்னா அந்த 500 போனா என் வீட்டுல எதுவும் நிக்காது. எனக்கு இதைத் தாங்க முடியறது அந்தத் தொகை சின்னதா இருக்கறதாலதான்.

எங்க வைக்கிறதுங்கறதும் முக்கியம். 2024 ஜூலைல ஒரு பெரிய இந்திய எக்ஸ்சேஞ்ச்லருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போச்சு. ஒரு வருஷத்துக்கும் மேல மக்களால காயினை எடுக்க முடியல. அதனால ஓரளவு சேர்ந்ததும் நான் ஹார்டுவேர் வாலட் வாங்கிட்டேன். அது ஒரு பென்டிரைவ் சைஸ்தான். அது தொலைஞ்சாலும் பரவால்ல, 24 வார்த்தை கொடுக்கும், அந்த வார்த்தைதான் சாவி. அதை போன்ல போட்டோ எடுக்கக் கூடாது, மெயில்ல வைக்கக் கூடாது.

பேப்பர்லதான் எழுதி வெச்சிருந்தேன். எங்க பழைய வீடு முடிச்சூர்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல பீரோ கீழ்த்தட்டுல இருந்த பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் கூழாயிடுச்சு. பேப்பரைப் பாக்கறப்பல்லாம் அது ஞாபகம் வரும். எங்க வீட்டுல பாத்திரம் வாங்கினா பேர் வெட்டாம விடமாட்டாங்க, அம்மா பேர், தேதி, யார் கல்யாணத்துக்கு வந்ததுன்னு. அதைப் பாத்துதான் யோசனை வந்துச்சு. பேர் வெட்டற மெஷின் சின்னது ஒண்ணு வாங்கினேன். எவர்சில்வர் தட்டு பின்பக்கம் 24 வார்த்தையும் நானே வெட்டினேன். கடையில கொடுத்து வெட்டக் கூடாது, வார்த்தை வெளிய போயிடும். ஒவ்வொரு வார்த்தையும் முழுசா வேண்டாம், முதல் நாலு எழுத்து போதும். அந்த வார்த்தைகளை எடுக்கற ஆங்கிலப் பட்டியல்ல இருக்கற 2,048 வார்த்தையில எந்த ரெண்டுக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா வராது. முதல் தட்டுல ஏழாவது வார்த்தைல கை நழுவி கோடு இழுத்துடுச்சு. அந்தத் தட்டுல இருந்த எழுத்தையெல்லாம் தேய்ச்சு அழிக்கவே ஒரு சாயங்காலம் ஆச்சு. ரெண்டாவது தட்டு சரியா வந்தது. அது எங்க இருக்கு, என்ன பண்ணணும்னு என் மனைவிக்குத் தெரியும். தெரியாம நான் போயிட்டா அது யாருக்கும் கிடைக்காது.

---

பெரம்பூர் அக்கா | புதன், காலை 6:20

தம்பி, அந்தத் தட்டை மாத்தி யாருக்காவது பலகாரம் வெச்சுக் கொடுத்துடப் போறாங்க, பத்திரமா உள்ள வையுங்க.

யூஎஸ்டிடி ஆடாதுன்னு எடிட்டர் தம்பி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. என் பையன் சொல்லச் சொன்னது: 2022 மே மாசம் யூஎஸ்டின்னு ஒரு காயின், அதுவும் ஒரு டாலர்தான்னு சொன்னாங்க, வருஷம் 20 சதவீதம் கிட்ட வட்டின்னாங்க, சில நாள்லயே அதோட மதிப்பு பெரும்பாலும் கரைஞ்சுடுச்சு. 2023 மார்ச்ல யூஎஸ்டிசி, அவங்க காசு வெச்சிருந்த அமெரிக்க பேங்க் மூழ்கினதும் 88 சென்ட் கிட்ட இறங்கி, ரெண்டு மூணு நாள்ல திரும்பிடுச்சு. திரும்பினது நல்லது. அந்த ரெண்டு நாள் அஞ்சாம் தேதியா இருந்திருந்தா?

எங்க தெருவுலயே ஒரு பொண்ணு டெலிகிராம்ல தினம் 2 சதவீதம் யூஎஸ்டிடி தர்றோம்னு சொன்னதை நம்பி 85,000 விட்டா. ஆப்ல மட்டும் காசு ஏறிட்டே இருந்துச்சு, எடுக்கப் போனா வரி கட்டு, அப்பதான் விடுவோம்னாங்க. அப்படி யாருக்காவது ஆனா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அவ்வளவுக்குக் காசை வழியில நிறுத்த முடியும். அந்தப் பொண்ணு வெக்கப்பட்டு ஒன்பது நாள் யாருகிட்டயும் சொல்லல.

---

மடிப்பாக்கம் எடிட்டர் | பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன்.

3 லட்சம் மனைவி பேர்ல வேற பேங்க்ல வைப்பு நிதியா போயிடுச்சு. அவங்களே போய்க் கையெழுத்து போட்டாங்க. பொண்ணுக்கு செல்வமகள் கணக்கு போஸ்ட் ஆபீஸ்ல திறந்தாச்சு, மாசம் 5,000.

கிளையண்ட்கிட்ட கேக்க எனக்குத் தயக்கமா இருந்துச்சு, வேலை போயிடுமோன்னு. மெயில் எழுதி மூணு நாள் டிராஃப்ட்லயே வெச்சிருந்தேன். அனுப்பின அன்னைக்கே பதில் வந்துச்சு: "சரி, எங்க எல்லா எடிட்டரும் காயின்தான் கேக்கறாங்க, அதான் அப்படி அனுப்பினோம்"னு. அடுத்த மாசத்துலருந்து பேங்க்குக்கு வரும். அனுப்பற செலவு, மாத்தற விலைன்னு கொஞ்சம் குறையும். அது போகட்டும்.

ஏழு மாசக் கணக்கை நோட்டுல ஏத்திட்டேன், 14 வரவு, 23 விற்பனை. ஒவ்வொண்ணுக்கும் பழைய விலை தேடறதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. பி2பி விற்பனை எதுலயும் டிடிஎஸ் பிடிச்சதா காணோம். மாம்பலம் சார், இதுக்கு நான் என்ன பண்ணணும்?

பிட்காயின் வாங்கறதை விடல. மாசம் 2,000. கவர் ஒண்ணு எடுத்து அதுலயே எழுதி வெச்சிருக்காங்க என் மனைவி, அவங்க கையெழுத்துல. மத்த கவரெல்லாம் நிரம்பின மாசம் மட்டும்தான் இந்தக் கவர்ல விழும்.

---

மாம்பலம் கணக்கர் | ஞாயிறு, இரவு 9:55

பி2பின்னா டிடிஎஸ் பிடிக்க வேண்டிய பொறுப்பு வாங்கினவரோடது சார். பிடிக்கலன்னாலும் நீங்க அந்த 23 விற்பனையையும் விடிஏ அட்டவணையில முழுசாக் காட்டுங்க. கூடவே வரவெல்லாம் தொழில் வருமானத்துலயும் வரணும், ரெண்டு இடமும் ஒத்துப்போகணும். நோட்டோட நகலை யாராவது ஆடிட்டர்கிட்ட மார்ச்சுக்குள்ள காமிச்சிடுங்க, ஜூலை கடைசி வாரம் வரைக்கும் விடாதீங்க.

---

மடிப்பாக்கம் எடிட்டர் | ஞாயிறு, இரவு 10:05

சரிங்க சார். சோழிங்கநல்லூர் தம்பி, அந்தப் பேர் வெட்டற மெஷின் எங்க வாங்கினீங்க?

---

சோழிங்கநல்லூர் தம்பி | ஞாயிறு, இரவு 11:30

பாரிஸ் கார்னர் பக்கம், ஈவ்னிங் பஜார்ல டூல்ஸ் கடையில அண்ணா. ஆனா இப்ப வாங்க வேண்டாம். மாசம் 2,000-ன்னா வாலட் வாங்கற விலைக்கே கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் என்னோடது சும்மாதான் கிடக்குது, வேணும்ங்கறப்ப சொல்லுங்க, மேடவாக்கம் வரைக்கும் கொண்டு வந்து தர்றேன். ஊசி மட்டும் புதுசா வாங்கிக்கோங்க, என்னோடது மழுங்கிடுச்சு.